கிளெப்புக்குப் போன மூன்று கடிதங்கள்

ஒக்ரோபர் 14, செவ்வாய்

பள்ளிக்கூடம் விட்டு வந்து கதவைத் திறந்ததும் வீடு முழுக்க முட்டைக்கோவா அவியும் மணம். அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"கோவாவுக்கு என்ன குற்றமெண்டு உப்பிடிப் போட்டு அவிக்கிறா உந்த மனிசி? ஒரு பச்சை மிளகாயாவது போடக்கூடாதே?"

உந்த மனிசி என்பது ராயா அன்ரி. செப்டெம்பரில் எங்கள் பேஸ்மென்றுக்கு வாடகைக்கு வந்தவர். ரஷ்யாவில் புவியியல் ஆசிரியையாக இருந்தவர். போரைப் புகழும் பாடம் ஒன்றை வகுப்பில் வாசிக்கமாட்டேன் என்று சொன்னதால் வேலை போனது. பிறகு வீட்டுக்குப் பொலிஸ் வந்தது. பிறகு கனடா, எங்கள் மில்லிக்கன். எந்த பஸ்ஸில் ஏறி எங்கே மாறினேன் என்று சொல்வதைப்போலத்தான் இதைச் சொன்னார்.

எனக்கு நூறு கேள்விகள். "வாடகைக்கு இருக்கிற ஆக்களைத் துருவக்கூடாது, பிள்ளை" என்பது அம்மாவின் சட்டம். துருவவில்லை. ஒன்றே ஒன்று கேட்டேன்: வாசிக்கமாட்டேன் என்றதும் மாணவர்கள் என்ன செய்தார்கள்?

"ஜன்னலைப் பார்த்தார்கள்" என்றார்.

ஜன்னலுக்கு வெளியே என்ன இருந்தது என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஒக்ரோபர் 19, ஞாயிறு

பக்கவாசலில் ஒன்பது சோடி சப்பாத்துகள். அப்பா எட்டிப் பார்த்து, "கீழ என்ன, கட்சிக் கூட்டமோ? பாத்துக்கொண்டிரும், மேல வந்து துண்டுப்பிரசுரம் தரப்போகினம்" என்று அம்மாவைச் சீண்டினார்.

கதிரை போதாது என்று ராயா அன்ரி கேட்க, சாப்பாட்டு மேசைக் கதிரைகளை நான்தான் இறக்கினேன். இறக்கிய பிறகு மேலே ஏறவில்லை.

அது கூட்டமே இல்லை. அவர்கள் கடிதம் எழுதுகிறார்கள்! போரை எதிர்த்துப் பேசியதற்காக ரஷ்யச் சிறைகளில் இருப்பவர்களுக்கு. முன்பின் பார்த்திராதவர்களுக்கும் எழுதுகிறார்கள். பட்டியலில் பதினொரு பெயர்கள். ஒன்று ராயா அன்ரியின் தம்பி, கிளெப். மிருக வைத்தியர். தன் கிளினிக் கதவில் ஒரு தாளை ஒட்டினார்: "இங்கே வலி குறைக்கப்படும். போர் வலியைக் கூட்டும்." அதற்கு ஆறு வருடம். தமிழில் எண்ணிப் பார்த்தேன், ஆறு சொற்கள்.

கடிதத்தில் போரைப் பற்றி ஒன்றும் வரக்கூடாது. அரசாங்கம், வேறு கைதிகளின் பெயர், ரஷ்ய மொழி அல்லாத சொற்கள், வரைபடம், சங்கேதம் என்று சந்தேகம் வரக்கூடிய எதுவும் கூடாது. சிறையில் ஒரு தணிக்கை அதிகாரி இருந்து எல்லாவற்றையும் வாசிப்பார். அப்படியானால் எதைத்தான் எழுதுவது? காலநிலை. பூனை. சமையல். அர்காடி என்று எழுபது வயதுக்காரர் ஒருவர், பழைய மின் பொறியியலாளர், சூரியகாந்தி விதையைக் கொறித்தபடி சொன்னார்:

"எங்கள் நாட்டில் எழுதுகிற எவருக்கும் ஒரு வாசகர் நிச்சயம், சின்னப்பெண்ணே. அவருக்குச் சம்பளமும் உண்டு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் பிந்தி.

ஒக்ரோபர் 20, திங்கள்

அந்தத் தணிக்கை அதிகாரிக்கு வாசிக்கப் பிடிக்குமா?

நவம்பர் 2, ஞாயிறு

எனக்கு ஒரு வேலை தந்திருக்கிறார்கள்!

இவர்களில் பலருடைய தாய் தகப்பன் இன்னும் ரஷ்யாவில்தான். கடிதத்தில் தங்கள் கையெழுத்தை யாராவது அடையாளம் கண்டால் அங்கே இருப்பவர்களுக்கு ஆபத்து. அதனால் பெயரை மாற்றிப் போடுகிறார்கள். ஆனால் கையை மாற்ற முடியாதே. தட்டச்சு செய்து அனுப்பினால் என்ன என்று கேட்டேன். சிறையில் இருப்பவருக்குக் கையால் எழுதிய தாள் வேண்டும் என்று எல்லாரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

ராயா அன்ரி என் வரலாற்றுக் கொப்பியைப் பார்த்திருக்கிறார். "உன் எழுத்து அச்சு மாதிரி. உன் கை அங்கே ஒருவருக்கும் தெரியாது. எங்கள் எழுத்துகளைப் பார்த்துப் பிரதி எடுப்பாயா?"

ரஷ்ய எழுத்துகள் முப்பத்து மூன்று. இருநூற்று நாற்பத்தேழைப் படித்தவளுக்கு இது ஒரு பொருட்டா? (இதை அர்காடியிடம் சொன்னேன். தலையில் கை வைத்தார்.)

அம்மாவுக்கு முழுச் சம்மதம் இல்லை. "எழுது. ஆனா எங்கட பேர், விலாசம் ஒண்டும் உதில வரக்கூடாது." வராது என்று ராயா அன்ரி நெஞ்சில் கைவைத்துச் சொன்னார்.

நவம்பர் 16, ஞாயிறு

இன்று மூன்று கடிதங்கள், மூன்றும் கிளெப்புக்கு. எழுதும்போது அர்த்தம் தெரியாது. எழுதி முடித்த பிறகு ராயா அன்ரி ஒவ்வொன்றாகச் சொல்வார். அதற்காகவே வேகமாக எழுதுகிறேன்.

முதலாவது, ஒரு பல் வைத்தியருடையது. அங்கே வைத்தியர், இங்கே பேக்கரியில் வேலை. தன் வீட்டுக் குப்பைத் தொட்டியின் பூட்டைத் திறக்கப் பழகிய ரக்கூனைப் பற்றி இரண்டு பக்கம். "அதன் கைகள் என்னுடையவற்றை விடத் திறமையானவை, இங்கே அதற்கும் லைசன்ஸ் இல்லை." இரண்டாவது, அர்காடி எழுதியது: உருளைக்கிழங்கு வறுக்கும் முறை, ஒன்பது படிகளில். மூன்றாவதை எழுதியவர் ஒரு தாய். மகள் பள்ளியில் ஹொக்கி விளையாடுகிறாள், நான் கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறேன், அவ்வளவுதான்.

இவற்றில் எதையும் ஒளிக்கவேண்டிய தேவை இல்லை. ஆனால் எழுதியவர்கள் ஒளிந்திருக்கிறார்கள். எனக்கு இதுதான் விளங்கவில்லை, ரக்கூனுக்குக்கூட ஏன் புனைபெயர்?

டிசெம்பர் 9, செவ்வாய்

பொதி போய்விட்டது. ஒருவர் யெரெவானுக்குக் கொண்டுபோகிறார். அங்கிருந்து இன்னொருவர் ரஷ்யாவுக்குள் போய் உள்ளூர்த் தபாலில் போடுவார். என் எழுத்து என்னைவிட அதிகம் பயணம் செய்கிறது.

ஜனவரி 11, ஞாயிறு

கிளெப் அக்காவுக்கு எழுதிய கடிதம் ஒன்று வந்தது. இலையுதிர்காலத்தில் எழுதியது. ராயா அன்ரி எனக்கும் காட்டினார். நாலு வரிகள் கறுப்பு மையால் அழிக்கப்பட்டிருந்தன. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கறுப்புக்குக் கீழே ஓர் எழுத்தின் வால் மட்டும் தெரிந்தது. அழித்தவர் கவனமாக, விளிம்பு பிசகாமல் அழித்திருக்கிறார். கோபம் வரவேண்டும். எனக்கு அந்தக் கவனம்தான் முதலில் தெரிந்தது.

மிச்ச வரிகளில்: சிறைப் பூனைக்குக் காதில் புண், தேநீர்ச் சாயத்தால் கழுவுகிறேன். பெப்ரவரி 20க்காக நாள் எண்ணுகிறேன்.

பெப்ரவரி 20ஆம் திகதி அவருடைய அம்மா வருகிறார். சிறைக்குள்ளேயே ஓர் அறையில் மூன்று நாள் மகனோடு தங்கலாம், சமைத்துக் கொடுக்கலாம். ஒரு வருடத்துக்குப் பிறகு கிடைத்த அனுமதி. அந்த அம்மாவுக்கு எழுபத்தொரு வயது, ரயிலில் இரண்டு நாள் பயணம். என்ன சமைப்பார் என்று கேட்டேன். ராயா அன்ரி பதிலைப் பத்து நிமிடம் சொன்னார்.

பெப்ரவரி 3, செவ்வாய்

கீழே ராயா அன்ரி அழும் சத்தம். அம்மா தேநீரோடு இறங்கினார், நான் பின்னால்.

கிளெப்பைத் தனி அறையில் அடைத்திருக்கிறார்கள். பதினைந்து நாள். அவருக்கு வந்த மூன்று கடிதங்களில், மூன்று வெவ்வேறு பெயர்க்காரர்கள் ஒரே இரகசியக் குறியைப் போட்டிருக்கிறார்களாம். என்ன அர்த்தம் என்று கேட்டார்கள். தெரியாது என்றார். அவருக்கு எப்படித் தெரியும்? விசாரணை முடியும்வரை கடிதம் இல்லை. அவருடைய அம்மாவின் சந்திப்பும் இல்லை.

"என்ன குறி?" என்று கேட்டேன்.

கிளெப்பின் சட்டத்தரணி பார்த்து வரைந்ததை ராயா அன்ரி போனில் காட்டினார். தாளின் உச்சியில், நடுவில், சின்னதாக ஒரு சுழி. பக்கத்தில் ஒரு கோடு.

அம்மா என்னைப் பார்த்தார். நான் மேலே வந்துவிட்டேன்.

பிள்ளையார் சுழி.

பெப்ரவரி 4, புதன்

இந்தக் கொப்பியைப் புரட்டினேன். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் இருக்கிறது. வரலாற்றுக் கொப்பியில், கணிதப் பரீட்சைத் தாளில், நூலகத்துக்கு எழுதிய விண்ணப்பத்தில்கூட. சங்கேதம் கூடாது என்ற விதியை எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே மூன்று தாளிலும் போட்டிருக்கிறேன். ஏன்? அதை நான் "எழுதவில்லை". தாளை எடுத்தால் போடுவது. வீட்டுக்குள் வந்தால் சப்பாத்தைக் கழற்றுவதைப்போல. அது ஓர் எழுத்து, அதை இன்னொருவர் பார்ப்பார், பார்த்து யோசிப்பார் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

அந்த அதிகாரி மட்டும்தான் அதைப் பார்த்திருக்கிறார்.

பதினைந்து நாள் தனியறை. என்னால. என்ர கையால.

பெப்ரவரி 5, வியாழன்

இன்னும் சொல்லவில்லை. கோழை.

பெப்ரவரி 7, சனி

சொன்னேன். அழுதுகொண்டு சொன்னதால் இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது.

ராயா அன்ரி முகம் துடைக்கத் தாள் எடுத்துத் தந்தார். பிறகு, "நான் அதைப் பார்த்தேன், அட்சயா. மூன்றிலும் பார்த்தேன்" என்றார். "வாத்து என்று நினைத்தேன். மிருக வைத்தியருக்கு நீ சின்ன வாத்து வரைந்திருக்கிறாய், அவன் சிரிப்பான் என்று விட்டுவிட்டேன்."

இருவரும் சிரிக்கத் தொடங்கி, இருவராலும் தொடர முடியவில்லை.

அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பெப்ரவரி 8, ஞாயிறு

ஒன்பது பேரும் வந்தார்கள். சட்டத்தரணி என்ன சொல்கிறார் என்றால்: அது என்ன குறி என்று எழுதியவரே உண்மைப் பெயரோடு விளக்கவேண்டும். அதை நிரூபிக்க ஏதாவது ஒரு நிறுவனத்தின் கடிதம் வேண்டும், முத்திரையோடு. தனியறையின் பதினைந்து நாள் இன்னும் இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். ஆனால் விசாரணை மூடப்படாவிட்டால் கிளெப்பின் அம்மாவால் அவரைப் பார்க்கவே முடியாது. எவ்வளவு காலத்துக்கு? அதை ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

"பிள்ளையின் பெயர் வேண்டாம்" என்றார் ராயா அன்ரி. "வேறு வழி பார்ப்போம்." வேறு வழி ஒன்றும் ஒருவருக்கும் வரவில்லை. அர்காடி விதை கொறிக்கவில்லை.

மேலே வந்து அப்பாவிடம் சொன்னேன். எனக்குப் பதினைந்து வயது என்பதால் அப்பாவும் கையெழுத்திடவேண்டும். அப்பா சரி என்பதற்குள் அம்மா:

"ஒரு நாளும் இல்லை. அவளின்ர பேர் அங்க ஒரு பைலில கிடக்கவோ?"

"நாங்கள் இருக்கிறது கனடாவில. அவங்கள் இஞ்ச வந்தே பிடிக்கப்போறாங்கள்?"

"உங்களுக்கு என்ன தெரியும்? ஒருத்தன்ர கொப்பியில பேர் கிடந்ததுக்குத்தானே ஊரில எங்கட அண்ணாவைப் பிடிச்சவங்கள். வெறும் பேர்!"

மாமாவைப் பற்றி எனக்குத் தெரிந்தது சுவரில் உள்ள படம் மட்டும்தான். அந்தக் கொப்பி யாருடையது? அதில் பெயர் ஏன் இருந்தது? கேட்க வாயெடுத்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

பெப்ரவரி 10, செவ்வாய்

நான் இரவுச் சாப்பாட்டுக் கோப்பைகளைக் கழுவும்போது அம்மா கேட்டார்.

"அந்த அறையில அவனுக்கு என்ன சாப்பாடு?"

"கஞ்சி. பாண். கட்டிலைப் பகலில சுவரோட மடிச்சுவிடுவினமாம், படுக்கேலாது."

அம்மா கோப்பையைத் துடைத்தார். அதையே திரும்பவும் துடைத்தார்.

"அது ஒரு வொலிபோல் ரீம் கொப்பி, அட்சு. ஆர் ஆர் விளையாட வருகினம் எண்டு எழுதின கொப்பி. அண்ணாவுக்காக ஒருத்தரும் போய் அதைச் சொல்லேல்லை. சொல்லப் பயம். நானும் போகேல்லை, எனக்கு அப்ப பதினாறு."

பிறகு: "கோயில் ஒவ்வீஸில சீல் இருக்கு. சனிக்கிழமை போவம்."

பெப்ரவரி 14, சனி

பனி கொட்டியது. றிச்மண்ட் ஹில் போக ஒரு மணித்தியாலம். ராயா அன்ரியும் வந்தார். கோயில் அலுவலகத்தில் இராஜரட்ணம் அங்கிள் ரசீதுப் புத்தகத்தோடு இருந்தார்.

"என்ன, வாகனப் பூசையோ?"

"இல்லை அண்ணை, ஒரு கடிதம் வேணும்" என்றார் அம்மா. "பிள்ளையார் சுழி எண்டால் என்னண்டு."

"அது தெரியாமலே இவ்வளவு காலமும் கோயிலுக்கு வாறீர்?"

"எனக்குத் தெரியும் அண்ணை. ரஷ்யாவில ஒரு சிறைச்சாலைக்குத்தான் தெரியாதாம்."

அங்கிள் கண்ணாடியைக் கழற்றினார். முழுக்கதையையும் கேட்டார். "இருவத்திரண்டு வருசமா இந்தக் கதிரையில இருக்கிறன். கலியாணத்துக்குக் கடிதம் குடுத்திருக்கிறன், அஸ்தி கொண்டுபோறதுக்குக் குடுத்திருக்கிறன். பிள்ளையாருக்கே ஆரும் சேர்டிபிக்கற் கேட்டு வரேல்லை." பிறகு என் பக்கம் திரும்பி, "நீரோ அந்தக் கள்ளி? சோதினைத் தாளிலயும் போடுறனீரோ?"

"ஓம் அங்கிள்."

"மாக்ஸ் வருதோ?"

"வருது."

"அதையும் எழுதுவமே?"

எழுதவில்லை. "தமிழ்ச் சைவர்கள் எதை எழுதத் தொடங்கும்போதும் தாளின் தலையில் இடும் வழிபாட்டுக் குறி, வேறு பொருள் இல்லை" என்று ஆங்கிலத்தில் ஐந்து வரி அடித்தார். ஐயர் வந்து ஒப்பமிட்டார். அங்கிள் சீலைக் குத்தினார். முத்திரை வட்டமாக இருப்பது நல்லது, அங்கே வட்டத்தைத்தான் நம்புவார்கள் என்று ராயா அன்ரி மெதுவாகச் சொல்ல, அதை நான் தமிழில் சொன்னேன்.

"அப்ப இன்னும் ஒண்டு வைக்கட்டோ? இதில இடம் கிடக்கு."

மூன்று வைத்தார்.

பெப்ரவரி 15, ஞாயிறு

என் விளக்கத்தை அர்காடி ரஷ்ய மொழியில் எழுதித் தர, நான் என் கையால் பிரதி எடுத்தேன். "இந்த மூன்று கடிதங்களும் என் கையால் எழுதப்பட்டவை. குறியும் என்னுடையது. கைதிக்கு அது பற்றி ஒன்றும் தெரியாது." பொய் ஒரு சொல்லும் இல்லை. உண்மை முழுவதும் இல்லை. யார் எழுதியதைப் பார்த்துப் பிரதி எடுத்தேன் என்பது மட்டும் அதில் இல்லை. அதைப் பல தடவை வாசித்துப் பார்த்தேன், என்னால் கையெழுத்திட முடிகிறதா என்று. முடிந்தது. அட்சயா வாகீசன். அப்பாவும் இட்டார். அம்மா பக்கத்தில் நின்று திகதியைச் சரிபார்த்தார்.

எல்லாம் முடிந்து கதிரைகளை ஏற்றும்போது ராயா அன்ரி சொன்னார்: "இனி நீ பிரதி எடுக்க முடியாது. இந்தக் கையின் பெயர் இப்போது அவர்களுக்குத் தெரியும்."

இதை நான் யோசிக்கவே இல்லை.

மார்ச் 22, ஞாயிறு

பதில் இல்லை. கிளெப் தனியறையிலிருந்து வெளியே வந்துவிட்டார். அது மட்டும் தெரியும். பெப்ரவரி 20 வந்து போனது. அவருடைய அம்மா ரயில் சீட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லையாம், மேசையில் வைத்திருக்கிறாராம்.

கீழே ஆறு சோடி சப்பாத்துகள்தான். பிரதி எடுக்க ஆள் இல்லாததால் சிலர் வருவதில்லை. பல் வைத்தியர் மட்டும் வந்து, எழுதி, எழுதியதை வாசித்துக் காட்டிவிட்டுத் தானே கிழித்துப் போட்டார். ரக்கூனுக்குக் குட்டிகளாம்.

ஏப்ரல் 21, செவ்வாய்

பதில் வந்தது! மூன்றே வரி. "குறி மதவழக்கம் சார்ந்தது என்ற விளக்கம் கோப்பில் சேர்க்கப்பட்டது. விசாரணை முடிவுற்றது. சந்திப்புக்குப் புதிதாக விண்ணப்பிக்கலாம்."

ராயா அன்ரி படியில் இருந்தபடியே வாசித்தார். அப்பா, "பாத்தீரே, மூண்டு சீலும் வேலை செய்திருக்கு" என்றார். அம்மா சிரிக்கவில்லை, கோப்பு என்ற சொல்லைத் திரும்பச் சொல்லச் சொன்னார்.

என் பெயர் இப்போது அங்கே ஒரு கோப்பில் இருக்கிறது. அந்த அதிகாரி என் கடிதத்தை வாசித்திருப்பார். நம்பினாரா? அல்லது அலுத்துப்போய் மூடினாரா? எனக்கு இது ஒருநாளும் தெரியப்போவதில்லை என்பதுதான் கஷ்டமாக இருக்கிறது.

மே 31, ஞாயிறு

கிளெப்பின் அம்மா மகனைப் பார்த்துவிட்டார். மூன்று நாள் கொடுக்கவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து, போனில், நாலு மணித்தியாலம். சமைத்துக் கொண்டுபோனதைத் திருப்பிக் கொண்டுவந்தார். மகன் பதினொரு கிலோ மெலிந்திருக்கிறாராம். கடிதங்கள் மறுபடி கிடைக்கின்றனவாம். இதை ராயா அன்ரி எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தபோது அம்மா படியில் இறங்கி வந்தார். கையில் ஒரு கோடு போட்ட கொப்பி.

"என்ர கை அங்க ஒருத்தருக்கும் தெரியாதுதானே?" என்று என்னிடம் கேட்டார். "கேட்டுச் சொல்லு."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். ராயா அன்ரி எழுந்து தன் கதிரையைக் கொடுத்தார். அம்மா ஒரு மாதமாக எழுத்துகளைப் பழகியிருக்கிறார், எனக்கே தெரியாமல், என் பழைய தாளைப் பார்த்து. முப்பத்து மூன்றில் இரண்டுக்கு வால் மாறி விழுந்தது. அர்காடி திருத்தினார்.

முதல் கடிதம் கிளெப்புக்கு, பல் வைத்தியருடையது.

"என்ன எழுதியிருக்கெண்டு தெரியாமல் நான் எழுதமாட்டன்" என்றார் அம்மா. பல் வைத்தியர் சொல்ல, நான் தமிழில் சொன்னேன்: ரக்கூன் குட்டிகள் நான்கு, தொட்டிக்குப் புதுப் பூட்டு, வசந்தம் பிந்தியது.

அம்மா கேட்டு முடித்துவிட்டு ஒவ்வொருவரையும் பார்த்தார். "பதினொரு கிலோ மெலிஞ்சிருக்கிறான். சாப்பிட்டியோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லையே?"

சொன்னேன். அர்காடி விதிகளை விரல்விட்டு எண்ணிப் பார்த்து, அது தடைசெய்யப்பட்ட பட்டியலில் இல்லை என்றார்.

பல் வைத்தியர் அந்த வரியைத் தன் கடிதத்தின் கடைசியில் சேர்த்தார். ரஷ்ய மொழியில் அது இரண்டு சொற்கள். அதை எழுதி முடிக்க அம்மாவுக்கு எட்டு நிமிடம் எடுத்தது. நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன், கைகளை மடியில் வைத்துக்கொண்டு.